ஒன்பது நாள் கழுவாத கார்

என் மூக்குக்கண்ணாடி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வாரம் நான் எழுதப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை.

சத்தியம் செய்ய வேண்டிய நிலைமைக்கு என்னை ஆளாக்கியது ஒரு வாசகியின் கடிதம். பிரேக் இல்லாத பஸ்ஸைப் பதினொரு மாதம் ஓட்டினேன் என்று முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். அந்த அம்மாள் அதை நம்பவில்லையாம். பயணிகள் எப்படி இறங்கினார்கள் என்று கேட்கிறார். டீசல் தீருகிற இடத்தில் இறங்கிக்கொண்டார்கள். இதில் நம்புவதற்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

புதிதாக இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். என் பஸ் வருவது தெரிந்தால் தெருவே ஒதுங்கி வழிவிடும், அவ்வளவு மரியாதை. என் மகன் தரைக்குப் பதிக்கிற டைல்ஸ் விற்கிறான். ஆறடி இரண்டு அங்குலம், அவன் அம்மா வழி உயரம். வீட்டில் அவன் பெயர் நெட்டை. மருமகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவளும் நல்ல உயரம்தான். இரண்டு தெரு தள்ளி என் மூத்த மகள் இருக்கிறாள். ஒரு வக்கீல் அலுவலகத்தில் மூன்று மாதம் டைப் அடித்தாள், அன்றிலிருந்து அவள் வக்கீலம்மா. அவளுக்குத் தெரியாத சட்டம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

போன வாரம் நிறுத்திய இடம் நினைவிருக்கும். ஒரு வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி இருக்கிற மருந்துக்கடைத் தூணில் எங்கள் கார் போய் முட்டியது. கடை திறக்காத நேரம், தெருவில் ஆளில்லை. நெட்டை ஜன்னல் வழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காரைத் தள்ளியே வீட்டுக்குக் கொண்டுவந்தான். பின்னாலிருந்து நான் தள்ளினேன். தற்செயலாக அந்தப் பக்கம் இருந்தேன்.

காரை யார் ஓட்டியது என்று கேட்டபோது நெட்டை, "நான்தான்" என்றான். மருமகள் அப்போது வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கார் மருமகள் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸும் அவள் பெயரில். யார் பெயரில் பாலிசி இருக்கிறதோ அவரே ஓட்டியிருந்தால்தான் கம்பெனி பணம் தரும், வேறு யார் கை பட்டாலும் ஒரு சல்லி தேறாது என்று இந்த வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. இதை முதலில் சொன்னது யார் என்று இப்போது கிளறுவதில் ஒரு பயனும் இல்லை.

எனவே வக்கீலம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். ஓட்டியது மருமகள் என்று எழுதிவிடுவது.

கேட்க வெகு சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. பதினொரு வருடம் அடுத்தவர் பிள்ளைகளின் வாந்தியைத் துடைத்துக்கொண்டே வேன் ஓட்டியவள் அவள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ஐந்து வருடமாக இவர் ஓட்டி ஒரு விபத்தும் நடந்ததில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதித் தருகிற கடிதம். தூணில் முட்டியது அவள்தான் என்று எழுதினால் அந்தக் கடிதம் கிடையாது. கடிதம் இல்லை என்றால் வேலையும் கிடையாது.

இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் படிவத்தை நிரப்பினார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. சொந்த மகன், சொந்த மகள். எங்கிருந்து இப்படி ஒரு புத்தி வந்தது என்று யோசித்துக்கொண்டே என் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நாளாக அந்த நாற்காலி வேறு உறுத்துகிறது.

மோதிய ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வருவதாக இருந்தது. வக்கீலம்மா எட்டு மணிக்கே வந்துவிட்டாள்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோதிய அன்று காருக்குள் இரண்டு லிட்டர் பால் கவிழ்ந்திருந்தது. அன்றே கழுவியிருக்கலாம். கழுவக் கூடாது என்று தடுத்தவள் வக்கீலம்மா. சர்வேயர் பார்க்கிறதுக்கு முன்னால் தண்ணீர் பட்டால் சாட்சியத்தை அழித்ததாக அர்த்தமாம், பாலிசியே செல்லாமல் போய்விடுமாம். அதனால் கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, தகர ஷெட்டில் ஒன்பது நாள் வெயிலில் காரை வேகவைத்தோம். பால் தயிராகி, தயிர் வேறொன்றாகி, அந்த வேறொன்றும் தன் நிலையிலிருந்து இறங்கி, பெயரில்லாத ஒரு பொருளாக உள்ளே உட்கார்ந்திருந்தது. ஏழாம் நாள் ஷெட் ஓரமாகப் பறந்த ஒரு காக்கை திரும்பிப் போய், வேறு இரண்டு காக்கைகளை அழைத்து வந்து காட்டியது. மூன்றும் தலையை ஆட்டிவிட்டுப் போயின. நானே பார்த்தேன்.

கூடத்தில் மேஜைமேல் படிவமும் பேனாவும் தயாராக இருந்தன. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. நெட்டை சுவரோரம் நின்று கைப்பேசியில் எதையோ தேடுகிறவன் மாதிரி நடித்தான். கைப்பேசி அணைந்து கிடந்தது.

மருமகள் சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படிவத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். காலை ஆறரை மணிக்குத் தான் கார் ஓட்டியதாகவும், குறுக்கே ஒரு நாய் வந்ததாகவும், நாயைக் காப்பாற்றத் தூணில் இடித்ததாகவும் அதில் இருந்தது.

"நாய் என்ன நிறம் அண்ணி?" என்றாள்.

நிறமெல்லாம் கேட்க மாட்டார்கள் என்றாள் வக்கீலம்மா.

"ஒரு கையெழுத்துதானேம்மா. குடும்பத்துக்காக."

"கையெழுத்து மட்டும்தான்னா நீங்களே போடுங்க. நீங்கதான் ஓட்டினீங்கன்னு எழுதிக்கலாம்."

"எனக்குத்தான் வண்டியே ஓட்டத் தெரியாதே."

"எனக்குத் தெரியும். அதனாலதான் நான் முட்டல."

வக்கீலம்மா சற்று நேரம் தண்ணீர் குடித்தாள். பிறகு வேறு வழியில் வந்தாள். ஆம்புலன்ஸ் வேலை ஆபத்தானது, அது கிடைக்காமல் போனால் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸில் சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டுமாமே, அது எமன் என்றாள். அவள் வீட்டுக்காரருடைய பெரியப்பா பெல்ட் போடாததால்தான் ஒரு முறை தப்பித்தாராம். மோதிய வேகத்தில் காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு, நேராக ஒரு மெத்தைக்கடை வாசலில், விற்பனைக்கு விரித்து வைத்திருந்த மெத்தையின்மேல் போய் விழுந்தாராம். ஒரு கீறல்கூட இல்லையாம்.

"அவரைக் கூப்பிடுங்க அண்ணி, நானும் பார்க்கறேன்."

"அவர் செத்துட்டாரே."

"எப்படி?"

"அது வேற விபத்துல."

அந்த இரண்டாவது இடத்தில் மெத்தைக்கடை இல்லை போலிருக்கிறது.

நானும் என் பங்குக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று, மெதுவாகப் போனால் விபத்தே வராது, என் முப்பத்தெட்டு வருட அனுபவம் அதுதான் என்றேன். மருமகள் என் பக்கம் திரும்பினாள்.

"மெதுவா போனா மெதுவா முட்டும் மாமா. கண்ணு தெரியணும். அவ்வளவுதான்."

கண் என்றதும் எனக்கு அந்த டாக்டர் ஞாபகம் வந்துவிட்டார். நாலு வருடத்துக்கு முன், வெறும் பொறாமையால், என் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட மறுத்த மனிதர். சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படியுங்கள் என்றார். சுவர் எங்கே என்று கேட்டேன். அது ஒரு சாதாரணக் கேள்வி. அதற்கு அப்படி நடந்துகொண்டார்.

சர்வேயர் சரியாகப் பத்து மணிக்கு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் அளவு நாடா, அதிகம் பேசாத முகம். வக்கீலம்மா கையெழுத்தில்லாத படிவத்தை எடுத்துக்கொண்டு, அவளை ஷெட்டுக்கு அழைத்துப் போகிற வழியெல்லாம் நாயின் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். சர்வேயர் எதற்கும் தலையாட்டவில்லை.

நெட்டை கார்க் கதவைத் திறந்தான்.

சர்வேயர் மூன்று அடி பின்வாங்கினாள். வக்கீலம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, அது சாட்சியம் என்றாள். ஷெட்டில் இருந்த இரண்டு ஈக்கள் மயங்கி விழுந்தன, ஒன்று பிழைக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் காரை விட அதைச் சுற்றி நின்று பொய் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம் நாறினார்கள்.

"ஏன் கழுவலை?" என்று கேட்டாள் சர்வேயர்.

காரணம் சொல்லப்பட்டது. சர்வேயர் கொஞ்ச நேரம் வக்கீலம்மாவின் முகத்தையே பார்த்தாள். மோதின அன்றைக்கு நாலு படம் எடுத்துவிட்டுக் கழுவியிருக்கலாம், பாலுக்கும் பாலிசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாள்.

பிறகு முன்பக்கம் குனிந்து, நசுங்கின இடத்தை நகத்தால் சுரண்டினாள். சாம்பல் நிறம் உரிந்து உள்ளே சிவப்பு தெரிந்தது. நெட்டை காரணத்தைச் சொன்னான். சிவப்புக் காருக்கு இன்சூரன்ஸ் அதிகம் என்று கேள்விப்பட்டு, வாங்கின மாதமே சாம்பல் பூசியவன் அவன். நிறத்துக்கு என்று எங்களிடம் தனி ரேட் கிடையாதே சார் என்றாள் அவள். அவன் ஏழு வருடமாக அந்தச் சாம்பலைத் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்து வந்தான்.

முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சர்வேயர் உள்ளே எட்டிப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த பால் கேனை ஒரு குச்சியால் வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அளவு நாடாவை விரித்து, இருக்கையின் முதுகிலிருந்து ஸ்டீயரிங் வரை அளந்து எழுதிக்கொண்டாள்.

"இந்த சீட்டை யாராவது நகர்த்தினீங்களா?"

வக்கீலம்மா நிமிர்ந்தாள். ஒன்பது நாளாக ஒரு விரல்கூடப் படவில்லை, சாவி தன் பையில்தான் இருந்தது, சத்தியம் பண்ணட்டுமா என்று பெருமையாகச் சொன்னாள். அவள் வாழ்க்கையில் சொன்ன உண்மைகளில் அது ஒன்று. தவறான நேரத்தில் சொன்னாள்.

"மேடம், அன்னைக்கு ஓட்டின மாதிரி ஒரு தடவை உக்காந்து காட்டுங்க," என்றாள் சர்வேயர் மருமகளிடம்.

மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இருக்கை கடைசிவரை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு நீலக் குஷன். அவள் முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கின் அடியில் சிக்கிக்கொண்டன. தலை கூரையில் இடித்தது. பெட்டியில் மடித்து வைத்த குடை மாதிரி இருந்தாள். அந்த நிலையில் பிரேக்கை மிதிக்க வேண்டுமென்றால் முதலில் காலைக் கழற்றி எடுக்க வேண்டும்.

"இப்படித்தான் ஓட்டினீங்களா?"

"இல்லைங்க," என்றாள் மருமகள். "நான் ஓட்டவே இல்ல."

வக்கீலம்மா இருமினாள். நெட்டை முன்னால் வந்தான். சட்டை முழுக்க வியர்வை. "நான்தான் ஓட்டினேன். அவ பேர்ல பாலிசி இருக்கிறதால பணம் வராதுன்னு பயந்து அப்படி எழுதிட்டோம்," என்றான்.

சர்வேயர் பேனாவை மூடினாள். உரிமம் இருக்கிற யாராக இருந்தாலும், உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டினால் இந்த பாலிசியில் பணம் உண்டு, மூன்றாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது என்றாள். உரிமம் இல்லாதவர் ஓட்டினால்தான் சிக்கல் என்றாள்.

ஒன்பது நாள் திட்டம், ஒரு நாய், ஒரு பெண்ணின் வேலை, எல்லாம் மூன்றாம் பக்கத்தைப் புரட்டாத சோம்பலில் வந்தது. நெட்டை மட்டும் மூன்றாம் பக்கத்தைக் கேட்டு நிம்மதி அடையவில்லை. இன்னும் அதிகமாக வியர்த்தான்.

"சரி சார், நீங்க உக்காருங்க."

ஆறடி இரண்டு அங்குலம். வலது காலை விட்டான், அது போனது. இடது காலுக்கு இடமில்லை. குனிந்து, திரும்பி, பின்பக்கமாக நுழைந்து பார்த்தான். குஷனில் ஊறியிருந்த அந்தப் பெயரில்லாத பொருள் அவன் பேன்ட்டில் அப்பியது. பாதி உடம்பு வெளியே தொங்க, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஷெட்டின் மூலைக்கு ஓடிப்போய்க் காலையில் சாப்பிட்டதை எல்லாம் கக்கினான். பதினொரு வருடப் பழக்கத்தில் மருமகள் ஒரு பழைய துணியை எடுத்து அவனிடம் நீட்டினாள். ஆனால் அவள் துடைக்கவில்லை.

"ரெண்டு பேரும் இல்லைன்னா கார் தனியா பால் வாங்கப் போச்சா?" என்றாள் சர்வேயர்.

மருமகள் வக்கீலம்மாவின் கையிலிருந்து படிவத்தை வாங்கினாள். தன் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள். 'நான் ஓட்டவில்லை. ஓட்டியது யார் என்று எனக்குத் தெரியாது' என்று காரின் கூரைமேல் வைத்தே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தன் கடிதத்தைப் பற்றிக் கேட்டாள்.

ஓட்டியவர் யார் என்று தெரியாமல் அந்தக் கடிதத்தைத் தர முடியாது என்றாள் சர்வேயர். மருந்துக்கடை வாசலில் ஒரு கேமரா இருப்பதைப் பார்த்தாளாம். கடைக்காரர் வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை மதியம்தான் வருகிறார். அதைக் காத்திருந்து பார்த்தால் பத்து மணி தாண்டிவிடும்.

"ஓட்டினவர் யாரா இருந்தாலும், திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள்ள ஆபீசுக்கு வந்து ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடட்டும். பத்து மணிக்குள்ள உங்க கடிதத்தை நானே கொடுக்கறேன். காருக்குப் பணம் வருமா வராதான்னு அப்புறம் பார்க்கலாம்."

போகும்போது என்னைப் பார்த்து, வர்றேன் ஐயா என்றாள். மரியாதை தெரிந்த பெண். குனிந்துதான் சொன்னாள்.

வக்கீலம்மாவும் நழுவிவிட்டாள். தலைவலி என்றாள். வாசல்படி இறங்குகிறபோதே, நாய் என்று எழுதாமல் மாடு என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பார்கள் என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் பெற்ற பிள்ளை.

ஷெட்டில் மருமகளும் நெட்டையும் மட்டும். நான் உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் திறந்திருந்தது, எனவே ஒட்டுக்கேட்டதாகாது.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள் மருமகள். "கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க காலைல எழுந்து பால் வாங்கிட்டு வந்திருக்கீங்களா?"

நெட்டை பேன்ட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

இப்படி ஒரு கோழையை வளர்த்துவிட்டேனே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியின் வேலை போகிறது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். யாரைக் காப்பாற்ற இந்த ஊமை வேஷம்?

சற்று நேரம் கழித்து மருமகள் கூடத்துக்குள் வந்தாள். கையில் அந்த நீலக் குஷன். இரண்டு விரலால் ஒரு மூலையைப் பிடித்திருந்தாள். அது தரையில் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே வந்தது. வீடு முழுக்க அந்த நாற்றம்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

அவள் குஷனை என் மர நாற்காலியில் வைத்தாள். நாற்காலியின் சட்டத்துக்குள் அது நாலு பக்கமும் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. அதன் நாடாக்களை நாற்காலிக் கால்களில் முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பிறகு கையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"உக்காருங்க மாமா," என்றாள். "திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேன் கிளம்பும். முன் சீட்டு உங்களுக்குத்தான். பெல்ட் போட்டுக்கணும்."

கை கழுவப் போய்விட்டாள்.

இந்தக் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்பதை இதுவரை படித்த நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். சத்தியம் செய்துவிட்டதால் ஒன்றே ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை காலை காரை ஓட்டியது நான்.